சர்க்கரை வந்தாச்சு, முதலில் எதை மாற்றுவது? அரிசியையா, அளவையா, நடையையா?

அண்ணனுக்குப் போன ஆவணியில் சர்க்கரை என்று தெரிந்தது. வெறும் வயிற்றில் 148, மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 7.4. வயது 47. தஞ்சாவூரில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். காலை எட்டு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்துக்குத்தான் ஷட்டரை இறக்குவார், வீட்டுக்கு வந்து பத்தரைக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுத்துவிடுவார். டாக்டர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்து, சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள், தினமும் நடங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி டெஸ்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். எதைக் கட்டுப்படுத்துவது, எவ்வளவு, எப்போது நடப்பது என்பதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் கேள்வியாக எழுந்தது.

அன்று இரவே வீட்டில் நாலு கட்சி. அண்ணி, நாளையிலிருந்து அரிசி கிடையாது, சாமையும் வரகும்தான் என்றார். பெரியப்பா, காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் நட, எல்லாம் சரியாகிவிடும் என்றார். அண்ணனின் நண்பர் துபாயிலிருந்து போன் போட்டு, அரிசி கோதுமை எதுவுமே வேண்டாம், முட்டையும் பன்னீரும் கறியும் மட்டும் சாப்பிடு, மாத்திரையே தேவைப்படாது என்றார். அண்ணன் தன் பங்குக்கு, மாத்திரையை இப்போதே ஆரம்பிக்கத்தான் வேண்டுமா, கொஞ்ச நாள் பார்ப்போமே என்று இழுத்தார். நான் ஒரு நோட்டும் குளுக்கோமீட்டரும் ஐம்பது ஸ்ட்ரிப்பும் வாங்கிக்கொண்டு போனேன். அந்த நோட்டில் எழுதி வைத்ததையும், இதைப் பற்றி நடந்த ஆய்வுகளில் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் ஆதரவில் நாடு முழுக்க நடந்து 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, இன்னும் 13.6 கோடிப் பேர் எல்லைக்கோட்டில், அதாவது சர்க்கரை வருவதற்கு முந்தைய நிலையில். ஆக, எங்கள் வீட்டில் நடந்த அதே வாக்குவாதம் இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் நடந்துகொண்டிருக்கும்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது புதிதாக டைப் 2, அதாவது ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் சுரந்தும் போதாமல் போகும் வகைச் சர்க்கரை, வந்தவர்களுக்கான ஒப்பீடு. டைப் 1 என்றால் உடம்பில் இன்சுலின் கிட்டத்தட்ட சுரப்பதே இல்லை, அங்கே சாப்பாடும் நடையும் துணைக்குத்தான், ஊசியை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தாது. எச்பிஏ1சி 9, 10 என்று இருந்து, எடை தானாகக் குறைந்து, இரவெல்லாம் சிறுநீர் போய்க்கொண்டிருந்தால், அரிசியா சாமையா என்று பேசிக்கொண்டிருக்க நேரமில்லை, அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

சரி, சிறுதானியத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான வீடுகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணையை எடுத்துப் பார்த்தால், 100 கிராம் வெள்ளை அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். சாமையில் 65, வரகில் 66, கேழ்வரகில் 67, கம்பில் 62, கோதுமை மாவில் 64. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நாம் நினைத்துக்கொள்ளும் அளவுக்கு இல்லை. நார்ச்சத்தில்தான் சிறுதானியம் உண்மையிலேயே முந்துகிறது: அரிசியில் 3 கிராம்கூட இல்லை, கேழ்வரகிலும் கம்பிலும் 11. அந்த நார்ச்சத்துதான் சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைத் தணிக்கிறது. அதையும் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சிவிட்டால் பலன் குறைந்துவிடும், மாவு எவ்வளவுக்கு எவ்வளவு நைசோ அவ்வளவுக்கு அவ்வளவு சீக்கிரம் செரித்து ஏறும். டம்ளர் நிறையக் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு, கேழ்வரகுதானே, ஏன் ஏறுது என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். முதல் வாரம் வழக்கமான பொன்னி அரிசிச் சோறு, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து 219. அடுத்த வாரம் சாமை. அண்ணி ஆசையாக வடித்துப் போட்டார், சாமை நல்லதுதானே என்று அண்ணன் ஒரு கரண்டி கூடவே வாங்கிச் சாப்பிட்டார். ரெண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் 226. அண்ணியின் முகம் அப்படியே வாடிப்போனது. அவர் மேல் தப்பே இல்லை, பொருளை மாற்றினால் போதும் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள். ராத்திரி சப்பாத்திக்கு மாறும் பழக்கமும் இதே கதைதான். முப்பது கிராம் மாவில் செய்த சப்பாத்தி மூன்று சாப்பிட்டால் உள்ளே போகும் மாவுச்சத்து, கிட்டத்தட்ட அரை ஆழாக்கு அரிசியை வடித்துச் சாப்பிட்டதற்குச் சமம். கூடவே உருளைக்கிழங்கு குருமா வைத்தால் அதற்கும் மேலே. சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ரத்தத்துக்குள் போனால் எல்லாம் சர்க்கரைதான்.

அடுத்தது அளவு. என் பார்வையில் பலன் அதிகம் கிடைக்கும் இடம் இதுதான், வீட்டில் யாரும் அதிகம் பேசாத இடமும் இதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டைக் கடைத் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தோம். மளிகைக் கடைக்காரர் வீடு, தராசுக்குப் பஞ்சமில்லை. அண்ணன் வழக்கமாகச் சாப்பிடும் சோற்றை அதே மாதிரி மூன்று தரம் போடச் சொன்னேன்: சாம்பாருக்கு ஒரு தரம், ரசத்துக்கு ஒரு தரம், தயிருக்கு ஒரு தரம். தட்டின் எடையைக் கழித்துப் பார்த்தால் 430 கிராம். வெந்த சோற்றில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே மாவுச்சத்து என்று வைத்தால் 120 கிராம் வருகிறது. ஐந்து கிராம் பிடிக்கும் டீஸ்பூனில் சர்க்கரையை அள்ளினால் இருபத்து நாலு ஸ்பூன். அண்ணன் தராசையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். காப்பியில் சர்க்கரையை நிறுத்திவிட்டேனே என்று அதுவரை நிம்மதியாக இருந்தவர் அவர்.

நம் சாப்பாட்டு முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஒவ்வொரு குழம்புக்கும் ஒரு தரம் சோறு வேண்டும். சோற்றைக் குறை என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் முடியாது, எந்தத் தரத்தை விடுவது என்று தெரிய வேண்டும். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுவது, தயிருக்குப் பதில் கடைசியில் மோர், சோறு சாம்பாருக்கு மட்டும் 200 கிராம். தட்டில் காலியான இடத்துக்குக் கீரைக் கூட்டோ அவரைக்காய்ப் பொரியலோ ரெண்டு பெரிய கரண்டி, ஒரு கிண்ணம் சுண்டலோ ஒரு முட்டையோ. அதுவும் பொரியலையும் சுண்டலையும் முதலில் சாப்பிட்டுவிட்டு அப்புறம்தான் சோறு. காயும் புரதமும் முன்னால் போய், மாவுச்சத்து கடைசியில் போனால் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது என்று சில சிறிய ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள், காசு செலவில்லாத மாற்றம், செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. அதே பொன்னி அரிசி, ரெண்டு மணி நேரம் கழித்து 172.

இந்தியர்கள் சாப்பிடும் மொத்தக் கலோரியில் சராசரியாக 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று அதே ஐசிஎம்ஆர் கணக்கெடுப்பின் உணவுப் பகுதி சொல்கிறது. பிரச்சினை எந்தத் தானியம் என்பதைவிட தட்டில் தானியம் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்பதில்தான் அதிகம் இருக்கிறது என்று நான் நம்புவது அதனால்தான். சிறுதானியம் பிடிக்குமென்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், அளவைக் குறைத்த பிறகு. முதல் வாரம் அண்ணனுக்கு நாலு மணிக்கெல்லாம் பசித்தது, கடையில் இருக்கும் பிஸ்கெட் பாக்கெட்டின் மேல் கை போகும். வறுத்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி எடுத்து முன்னாலேயே பொட்டலமாகக் கட்டி வைத்தோம். பத்து நாளில் பழகிவிட்டது.

நடைக்கு வருகிறேன். பெரியப்பா சொன்ன காலை ஒரு மணி நேர நடை நல்லதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பதினொன்று மணிக்குப் படுக்கிற மனுஷனை ஐந்து மணிக்கு எழுப்பினால், நாலு நாள் போவார், ஐந்தாம் நாள் சரக்கு லாரி வரும், அத்தோடு நின்றுவிடும். அண்ணன் போனது மொத்தம் ஆறு நாள்.

நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தில் டைப் 2 சர்க்கரை உள்ள 41 பேரை வைத்து 2016-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு கட்டத்தில் தினமும் எப்போது வேண்டுமானாலும் 30 நிமிடம் நடக்கச் சொன்னார்கள், இன்னொரு கட்டத்தில் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்துப் பத்து நிமிடம். மொத்த நேரம் ஒன்றுதான். சாப்பாட்டுக்குப் பின் நடந்தபோது, அதற்குப் பின் ஏறும் சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் பார்த்தால் 22 சதவீதம் குறைவு. காரணம் எளிது. கால் தசை சுருங்கி விரியும்போது இன்சுலினின் தயவு இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட சர்க்கரை ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் நடந்தால் ஏறும்போதே பிடித்துவிடலாம். சாப்பிட்டதும் நாம் உட்கார்ந்துவிடுகிறோம், ராத்திரியில் அப்படியே படுத்துவிடுகிறோம், சர்க்கரைக்கு எது மோசமான நேரமோ அப்போதுதான் உடம்பு அசையாமல் கிடக்கிறது.

அதனால் அண்ணனுக்கு ராத்திரியைத்தான் முதலில் மாற்றினோம். எட்டு மணிக்குக் கடைக்கே டிபன் பாக்ஸ் போகும். ரெண்டு தோசை அல்லது மூன்று இட்லி, கூட ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல். சாப்பிட்டதும் கடைப் பையன் கல்லாவைப் பார்த்துக்கொள்வான், அண்ணன் கடைத்தெருவின் கடைசி வரை போய் மறுபடி வருவார், பன்னிரண்டு நிமிடம். மழை என்றால் கடைக்குப் பின்னால் குடோனுக்குள்ளேயே மூட்டைகளுக்கு நடுவே நடப்பார். மத்தியானம் சாப்பிட்ட பிறகும் பத்து நிமிடம். அளவைக் குறைத்த அதே மத்தியானச் சாப்பாட்டுக்கு, உட்கார்ந்திருந்தால் 172, நடந்தால் 151. மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்தோம், எண் முன்னே பின்னே இருந்தாலும் திசை மாறவில்லை. நோட்டில் அந்த 151-ஐ அண்ணனே வட்டம் போட்டார்.

காலை நடையை விடச் சொல்லவில்லை, முடிந்தவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு 150 நிமிடம் வேக நடை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு, ரெண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து இடைவெளி விடாமல் இருப்பது நல்லது, நடையால் இன்சுலினுக்குக் கிடைக்கும் உதவி ஒன்றிரண்டு நாள்தான் தங்கும். மூட்டு வலி என்றால் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக மூன்று தரம் செய்யலாம், தொடைத் தசைதான் உடம்பில் பெரிய சர்க்கரைக் கிடங்கு. ஒரு எச்சரிக்கை: பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருப்பவர்கள் வெறுங்காலில் நடக்க வேண்டாம், கோயில் பிரகாரக் கல்லில் மத்தியான வெயிலில் சுட்டது தெரியாமலேயே கொப்புளம் வந்து, அது ஆறாமல் போய், கால் விரலை எடுக்கும் வரை போயிருக்கிறது எங்கள் உறவில் ஒருவருக்கு. ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

துபாய் நண்பரின் வழி, அதாவது ஒரேயடியாகக் குறைப்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வில் 306 பேர் கலந்துகொண்டார்கள், ஒரு பாதிப் பேருக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம் நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி மட்டும் தரும் பானங்களைக் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு எச்பிஏ1சி, மாத்திரை இல்லாமலேயே 6.5-க்குக் கீழே வந்துவிட்டது, வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் 4 சதவீதம்தான். 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம். ரெண்டாவது வருடத்தில் அந்த 46, 36 ஆனது. மிகப் பெரிய விஷயம் இது, கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைந்தால் இன்சுலினைச் சுரக்கும் கணையம் மறுபடி வேலை செய்யும் என்று காட்டியது. ஆனால் அவர்கள் சராசரியாக 100 கிலோ எடை இருந்தவர்கள், சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள், இன்சுலின் போடாதவர்கள், பக்கத்திலேயே நர்ஸோ உணவு நிபுணரோ இருந்து கவனித்தார்கள். அண்ணன் 74 கிலோ. அவரிடம் 15 கிலோவை எங்கிருந்து எடுப்பது? நம்மவர்களுக்குக் கை காலெல்லாம் ஒல்லியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் இருக்கும், ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80-ஐயும் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது ஆசியர்களுக்கு வைத்த அளவு. அண்ணனுக்கு 98. அவருக்கு நாலைந்து கிலோ குறைந்து வயிறு உள்ளே போனால் போதும் என்று டாக்டரும் சொன்னார்.

உடம்பு பருத்து, சர்க்கரை வந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது, டாக்டரும் கூட நிற்கிறார் என்றால் இந்த வழியை நான் தடுக்க மாட்டேன், உண்மையில் உங்களுக்கு இதுதான் முதல் வழியாகக்கூட இருக்கலாம். தனியாக, யூடியூபைப் பார்த்துச் செய்யாதீர்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி ஐசியு வரை போகும் ஆபத்து உண்டு. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைப் பாதியாகக் குறைத்தாலே லோ சுகர் வரும்: கை நடுங்கும், வியர்க்கும், பேச்சு குழறும். 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, கால் மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அதனால் இவர்கள் சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் மருந்தின் அளவைப் பேசிவிட வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

கடைசியாக அண்ணனின் கேள்வி, மாத்திரையா பழக்கமா. இதற்குச் சென்னையிலேயே நல்ல ஆய்வு நடந்திருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை எடுத்து 2006-இல் முடிவை வெளியிட்டது. எதுவும் செய்யாத குழுவில் மூன்று வருடத்தில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. உணவும் நடையும் மாற்றியவர்களுக்கு அந்த ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது, மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4, ரெண்டும் சேர்த்தவர்களுக்கு 28.2. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பழக்கத்தை மாற்றியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையாமலேயே இந்தப் பலன் கிடைத்தது என்பது. அமெரிக்காவில் 3234 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில் பழக்க மாற்றம் 58 சதவீதம், மெட்ஃபார்மின் 31 சதவீதம் என்று வந்தது. எச்பிஏ1சி 5.7-க்கும் 6.4-க்கும் நடுவில் இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் கையில் இருக்கும் சாப்பாடும் நடையும் மாத்திரைக்குக் குறைந்தவை அல்ல, இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

அண்ணன் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டவர், அவருக்கு இது ஒன்றா இன்னொன்றா என்ற கேள்வியே அல்ல. கணையம் ஏற்கெனவே களைத்துப்போயிருக்கிறது, மாத்திரை அதற்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுக்கிறது, அந்த நேரத்தில் பழக்கத்தை மாற்றிவிட வேண்டும். மாத்திரையைத் தள்ளிப்போட்டு ஆறு மாதம் 200-லேயே ஓட்டினால், வலியே தெரியாமல் கண்ணின் விழித்திரையும் சிறுநீரகமும் அடிவாங்கும். பின்னால் எண்கள் நன்றாக இறங்கினால் டாக்டரே குறைப்பார், நிறுத்தி மூன்று மாதம் கழித்தும் 6.5-க்குக் கீழேயே இருந்தால் அதற்குப் பெயரே வேறு, சர்க்கரை தணிந்த நிலை என்பார்கள். வயதான அம்மா அப்பா ஊரில் தனியாக இருந்து, மாத்திரை வாங்கப் போக முடியாமல் விட்டுவிடுகிறார்கள் என்றால், 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள், ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள்.

ஆக, எங்கள் வீட்டு வரிசை இப்படி அமைந்தது: மாத்திரை முதல் நாளிலிருந்தே, அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டின் நேரமும் அதன் பின் நடையும், அப்புறம் மத்தியானச் சோற்றின் அளவு. சிறுதானியம் வாரத்தில் ரெண்டு நாள், அண்ணிக்குப் பிடிக்கும் என்பதற்காக, அதையும் தராசில் வைத்து. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை, ஒன்று பழகிய பிறகுதான் அடுத்தது.

மார்கழியில் டெஸ்ட் எடுத்தோம். எச்பிஏ1சி 6.7, எடை மூன்றரைக் கிலோ குறைவு, இடுப்பு 94. டாக்டர் மாத்திரையை அப்படியே தொடரச் சொன்னார், கண் டெஸ்டும் எடுத்துவிடச் சொன்னார், எடுத்தாயிற்று, நன்றாக இருக்கிறது. நோட்டில் இன்னும் அடங்காமல் இருப்பது காலைதான்: பொங்கலோ ஐந்து இட்லியோ சாப்பிட்டு, வாடிக்கையாளர் குவியும் நேரத்தில் அசையாமல் உட்கார்ந்துவிடுகிறார், ரெண்டு மணி நேரம் கழித்து 190-க்குக் குறைவதில்லை. இந்த வாரத்திலிருந்து மூன்று இட்லி, ஒரு முட்டை, கடைக்கு வண்டியை எடுக்காமல் நடந்தே போவது. பங்குனியில் அடுத்த டெஸ்ட்.